ஓவன்ஸ் ஏரியின் தூசி

கேள்வி: மழை அரிதாகப் பெய்யும் இடத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்ற மாநகரையே எழுப்பிக் காட்டினார்கள் அமெரிக்கர்கள். மனிதனால் வறட்சியை வெல்ல முடியும் என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வறட்சியைத் தூக்கி அடுத்தவர் தலையில் வைத்தார்கள் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

நகரத்துக்கு வெகு வடக்கே, சியரா நெவாடா மலையடியில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு. பனி உருகி வரும் ஓடைகளை மறித்து, வாய்க்கால் வெட்டி, காட்டுக் கிழங்குகளுக்குப் பாய்ச்சி வாழ்ந்தவர்கள் பையூட் பழங்குடியினர். தண்ணீர் திருப்பிவிட ஆண்டுதோறும் ஊர்கூடி ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள்; உங்கள் பக்கத்துக் கண்மாய்களின் நீர்பாய்ச்சியைப் போல. 1863-இல் ராணுவம் அவர்களை விரட்டியது. வெள்ளைக் குடியேறிகள் அந்த மண்ணில் பயிர் வைத்தார்கள்.

அடுத்து அவர்களுடைய முறை. 1905-இல் லாஸ் ஏஞ்சல்ஸின் முன்னாள் மேயர் ஃபிரெட் ஈட்டன் அங்கே நிலம் வாங்கினார். மத்திய அரசின் பாசனத் திட்டத்துக்குத்தான் போகிறது என்று நம்பிப் பலர் விற்றார்கள். நிலத்தோடு நீருரிமையும் போனது. 1913-இல் ஓவன்ஸ் ஆற்று நீரை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுபோகும் 375 கிலோமீட்டர் கால்வாய் திறந்தது. நகரத்தின் தாகத்தைச் சொல்லித்தான் கட்டினார்கள். வந்த நீரோ நகரம் குடித்தது போக, அதை ஒட்டிய சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்கின் வயல்களுக்குப் பாய்ந்தது. பணக்காரர்கள் சிலர் அங்கே முன்கூட்டியே நிலத்தை வளைத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு ஆறாத இடம் இதுதான்.

1924 நவம்பரில் ஓவன்ஸ் உழவர்கள் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றித் திறந்துவிட்டார்கள். பெண்கள் அங்கேயே சமைத்துப் போட்டார்கள். நகரத்துக்குப் போகவேண்டிய தண்ணீர் காய்ந்த ஆற்றுப் படுகையில் நான்கு நாள் ஓடியது. 1927-இல் உள்ளூர் வங்கி திவாலானது. சேமிப்பைப் பறிகொடுத்தவர்களால் அதற்குமேல் போராட முடியவில்லை.

ஆறு வந்து சேரும் ஓவன்ஸ் ஏரி 1926 வாக்கில் வற்றிப்போனது. காற்றடித்தால் உப்பும் நுண்தூசியும் ஊருக்குள் பறந்து மக்களின் நெஞ்சுக்குள் இறங்கின. வழக்கு, சட்டம் என்று நெருக்கிய பிறகு 2001 முதல் அதே நகரம் அந்தத் தரையை நனைத்துக்கொண்டிருக்கிறது. இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவு.

மனிதனால் முடியும் என்கிறீர்கள். எந்த மனிதனால்? 1939-இல் நகரமும் மத்திய அரசும் செய்துகொண்ட நில மாற்றில் பையூட்களுக்குக் கொஞ்சம் நிலம் கிடைத்தது. அதற்குரிய நீருரிமையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். இன்னும் பேசி முடியவில்லை.