வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே, குற்ற உணர்வில்லாமல் பொழுதுபோக்குக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

முதலில் அந்த உறுத்தல் எதனால் வருகிறது என்று பாருங்கள். எல்லா உறுத்தலும் பொய்யில்லை.

எனக்குப் பென்சில் ஓவியம் உயிர். ஆனால் நான் வரைய உட்காரும்போதெல்லாம் கணவர் தனியாகப் பாத்திரம் கழுவி, குழந்தையையும் தூங்கவைக்கிறார் என்றால், மனம் உறுத்துவது நியாயம்தான். அதற்காக ஓவியத்தை விட வேண்டாம், பேசி முறை வைத்துக்கொண்டால் போதும். எங்கள் வீட்டில் ஒரு மாலை எனக்கு, இன்னொரு மாலை அவருக்கு. அவருடைய மாலையில் “ஏங்க, அந்தச் சாவி எங்கே?” என்றுகூட நான் கேட்பதில்லை. அடிக்கடி கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது ஓய்வு நேரமே இல்லை. பெண்கள் பலர் இந்தப் பேச்சையே எடுக்காமல் வருடக்கணக்கில் ஆசையை அடக்கிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வாய் திறந்து கேளுங்கள்.

அடுத்தது, அலுவலக வேலை பாக்கி இருக்கிறதே என்ற நினைப்பு. வேலை என்றைக்கும் முழுதாக முடியாது. முடித்துவிட்டு ஓய்வெடுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நாள் வரவே வராது. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி சொல்கிறது. முடியாத வேலை மனதைக் குடையாமல் இருக்க அதை முடித்தே ஆக வேண்டும் என்பதில்லை, எப்போது எப்படிச் செய்வோம் என்று தெளிவாகத் திட்டமிட்டாலே குடைச்சல் குறைகிறதாம். அதனால் கணினியை மூடும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைப்பேன்: “நாளைக் காலை, வந்ததும், மூன்றாம் பக்க அட்டவணையில் கூட்டுத்தொகை சரிபார்க்க.” இவ்வளவு குறிப்பாக எழுத வேண்டும். “அறிக்கை முடிக்கணும்” என்று மொட்டையாக எழுதினால் மனசு கேட்காது.

ஆனால் பொழுதுபோக்கையே நிமிடக்கணக்கில் அட்டவணைக்குள் அடைக்காதீர்கள். மாலை 6.30 முதல் 7.15 வரை என்று குறித்துவிட்டால் அதுவும் ஒரு வேலையாகிவிடும். டோனியெட்டோ, மால்கோச் இருவரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது: துல்லியமாக நேரம் குறித்த ஓய்வில் மகிழ்ச்சி குறைகிறது, “சாப்பாட்டுக்கு அப்புறம்” என்று உத்தேசமாக வைத்துக்கொண்டால் அப்படிக் குறைவதில்லை.

அப்புறம், “இவ்வளவு நல்லா வரையறீங்களே, விற்கலாமே?” என்பார்கள். அன்பாகச் சொல்வதுதான், சரி. ஆனால் பயன் இருந்தால்தான் செய்யலாம் என்ற எண்ணம் உள்ளே நுழைந்துவிட்டால் குற்ற உணர்வும் கூடவே வந்துவிடும். ஓய்வும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் உரிமை என்று 1948-ஆம் ஆண்டின் உலகளாவிய மனித உரிமைப் பிரகடனம் 24-ஆம் பிரிவில் சொல்கிறது. உழைத்து முடித்தவர்களுக்கு மட்டும் என்று அதில் நிபந்தனை எதுவும் இல்லை.

கைக்குழந்தை இருக்கிறது, நோயாளியைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றால் ஒரு முழு மாலை கிடைப்பது கஷ்டம். அப்போது பொருள்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என் வரைபுத்தகம் அலமாரியில் இருந்தால் எடுக்கவே தோன்றாது. சீவிய பென்சிலோடு மேசையில் திறந்து கிடந்தால், பத்து நிமிடம் கிடைத்தால்கூட ஓர் இலையின் நரம்புகளை வரைந்துவிடுவேன். அடுத்த நாள் அதே இலையில் நிழல் போடுவேன். படம் முடிய எத்தனை வாரம் ஆனாலும் எனக்குக் கவலையில்லை.