லாவோஸுக்குப் போன சட்டை: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டல்லாஸில் வசிக்கிறேன். வியட்நாம் போர்க்காலத்து பேட்ச்களை, அதாவது ராணுவச் சட்டையில் தைக்கும் துணிச்சின்னங்களை, இப்போதுதான் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். இங்கே ராணுவப் பழம்பொருள் சந்தையில் ஒருவர் பச்சைநிற ராணுவச் சட்டை ஒன்றைக் காட்டினார். அதன் தோளில் அமெரிக்காவின் எஸ்.ஓ.ஜி. படையைச் சேர்ந்த உளவுக்குழு ஒன்றின் மண்டையோட்டு பேட்ச். 1968இல் லாவோஸுக்குள் ரகசியமாகப் போன வீரர் அணிந்திருந்தது என்கிறார். புற ஊதா விளக்கில் பேட்ச் ஒளிரவில்லை, அதனால் அசல் என்கிறார். சான்றிதழும் தருகிறாராம். அதே குழுவின் பெயர் அச்சிட்ட 1970ஆம் வருட டி-ஷர்ட்டும் வைத்திருக்கிறார். இரண்டும் சேர்த்து 1,400 டாலர். வாங்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

வாங்காதீர்கள். காரணத்தை விற்பவரே சொல்லிவிட்டார்.

எஸ்.ஓ.ஜி. 1964 ஜனவரியில் அமெரிக்கா அமைத்த ரகசியப் படை. அதன் குழுக்கள் லாவோஸிலும் கம்போடியாவிலும் நுழைந்ததை அன்றைய அரசு வெளியே ஒப்புக்கொள்ளவில்லை. அதனால் எல்லை தாண்டுகிறவர்கள் பெயர்ப்பட்டை, பதவிச்சின்னம், பேட்ச், கழுத்தில் தொங்கும் அடையாள வில்லை எல்லாவற்றையும் முகாமில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். செத்து விழுந்தாலும் எந்த நாட்டு ராணுவம் என்று உடல் காட்டிக்கொடுக்கக்கூடாது. மண்டையோட்டைத் தோளில் தைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குள் யார் போயிருப்பார்கள்?

பேட்ச்கள் இருந்தது உண்மை. டா நாங், கொன்டும், பான் மே துவோட் முகாம்களில் குழுக்காரர்கள் உள்ளூர்த் தையல்காரர்களிடம் சொல்லித் தைத்துக்கொண்டார்கள். முகாமுக்குள் போடும் சட்டையிலும் விருந்துக்குப் போடும் ஜாக்கெட்டிலும்தான் அவற்றுக்கு இடம். ராணுவம் அங்கீகரித்த வரைபடம் எதுவும் கிடையாது. தையல்காரருக்குத் தையல்காரர் மண்டையோட்டின் பல்வரிசையும் நூலின் நிறமும் மாறும். போலி செய்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. எப்படித் தைத்தாலும் ‘இதுவும் ஒரு வகை’ என்று சொல்லிவிடலாம். போருக்குப் பிறகும் வியட்நாமில் தையல் எந்திரத்தில் கையால் துணியை நகர்த்தித் தைக்கும் எம்ப்ராய்டரி நிற்கவில்லை. சைகோனின் தான் சின் சந்தையில் போர்க்காலப் பொருள் என்ற பெயரில் எவ்வளவோ புதுச்சரக்கு விற்கிறது. ஆகவே பேட்சின் பின்பக்கம் நூல் ஒழுங்கில்லாமல் தாவியிருப்பதை வைத்து மட்டும் வயது சொல்ல முடியாது. கணினித் தையலின் சீரான பின்பக்கம் இருந்தால் அது அந்தக் காலத்தது இல்லை என்று தள்ளிவிடலாம், அவ்வளவுதான்.

புற ஊதா விளக்கின் கதையும் இதுதான். அந்த விளக்கில் ஒளிர்வது துணியை வெளுப்பாகக் காட்டும் ரசாயனம். அது 1950களிலேயே அமெரிக்கச் சலவைத்தூளில் வந்துவிட்டது. வீட்டில் நாலு தடவை துவைத்த அசல் பேட்சும் ஒளிரலாம். ஒளிராத பருத்தி நூலைத் தேடி வாங்கித் தைத்தால் நேற்றைய போலியும் இருண்டே கிடக்கும். விளக்கு எழுப்பும் சந்தேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், அது தரும் உத்தரவாதத்தை நம்பாதீர்கள்.

சட்டை அசலாகவே இருக்கலாம். அந்தச் சட்டைகள் ஏராளமாகத் தயாரானவை. உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள். ‘டி.எஸ்.ஏ. 100’ என்று தொடங்கும் ஒப்பந்த எண் இருந்தால், அடுத்த இரண்டு இலக்கம் நிதியாண்டு. 67 என்றால் பொருந்தும், 70 என்றால் பொருந்தாது. டி.எஸ்.ஏ. என்பது ராணுவத்துக்குப் பொருள் வாங்கிய அரசு நிறுவனம். 1977இல் அது டி.எல்.ஏ. என்று பெயர் மாறியது, அதனால் லேபிளில் அந்தப் பெயர் இருந்தாலும் பொருந்தாது. லேபிளில் இருப்பு எண்ணும் இருக்கும், அது பொருளின் வகையைக் குறிக்கும் ராணுவ எண். 13 இலக்க இருப்பு எண் 1974இல்தான் வந்தது, அதற்கு முன் 11 இலக்கம். 13 இலக்கம் கண்ணில் பட்டால் 1968 கதை அங்கேயே முடிந்தது.

லேபிள் சரியாக இருந்தாலும் அது சட்டைக்குத்தான் சாட்சி. அசல் சட்டையில் புது பேட்ச் தைப்பது இந்தத் தொழிலின் பழைய வேலை. பேட்சின் ஓரத்தை மெல்லத் தூக்கிப் பாருங்கள். வருடக்கணக்கில் வெயிலிலும் சலவையிலும் கிடந்த சட்டை என்றால் பேட்சுக்கு அடியில் பச்சை அடர்த்தியாக இருக்க வேண்டும். சட்டை முழுக்க வெளுத்து, பேட்ச் மட்டும் பளிச்சென்றிருந்தால் இரண்டும் சேர்ந்து வாழவில்லை. பேட்சைச் சட்டையோடு தைத்த நூல் புதுசாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.

டி-ஷர்ட்டுக்கு ஒரே கேள்வி. கழுத்து லேபிளில் சலவைக் குறிப்பு இருக்கிறதா? அமெரிக்காவில் நிரந்தரச் சலவை லேபிள் கட்டாயமானது 1972 ஜூலையில். 1970 டி-ஷர்ட்டில் அது இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்தே இல்லாமல் வெறும் சலவைக்குறிகள் மட்டும் இருந்தால், அங்கே அதற்கு அனுமதி வந்தது 1997இல்தான்.

சரி, எதைத்தான் நம்புவது? பொருள் யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்ற தொடர்ச்சியை. அந்த வீரர் இதே பேட்சுடன் முகாமில் நிற்கும் புகைப்படம், அவர் குடும்பம் எழுதிக்கொடுத்த கடிதம், பெயர்ப்பட்டையோடு ஒத்துப்போகும் பணி ஆவணம். விற்பவரே கையெழுத்துப் போட்ட சான்றிதழை நான் ஒரு பொருட்டாகவே எடுப்பதில்லை.

இவ்வளவு கறாராகப் பேசுவது உங்கள் பணத்துக்காக மட்டும் இல்லை. அந்தக் குழுக்களில் அமெரிக்கர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் மொன்டன்யார் மலைமக்கள், நுங் இனத்தவர், வியட்நாமியர். போய்த் திரும்பாத பலரின் உடல்கூட இன்னும் கிடைக்கவில்லை. 1972இல் கலைக்கப்பட்ட அந்தப் படைக்கு அமெரிக்க ஜனாதிபதியின் படைப்பிரிவு விருது 2001இல்தான் கிடைத்தது. அத்தனை காலம் மறைக்கப்பட்டவர்களின் வரலாற்றில் பொய்ச்சட்டை ஒன்றைச் சேர்த்தால், பின்னால் படிக்க வருகிறவர் அதையும் ஆதாரமாக எடுத்துக்கொள்வார். அது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

அந்த வீரரின் பெயரைக் கேளுங்கள். சொல்ல மறுத்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். சொன்னால், லேபிளையும் பேட்சின் இரண்டு பக்கங்களையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பருத்தியா செயற்கை இழையா என்று அறிய நூலைக் கொளுத்திப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள், ஒருவேளை அது அசலாக இருந்தால் திரும்ப வராது.