தண்ணி பளிங்கு மாதிரி இருக்கு, அப்புறம் ஏன் மீன் சாகுது?

கேள்வி: சார், 2 அடி தொட்டி வாங்கி 3 வாரம் ஆச்சு. 5 கோல்ட்ஃபிஷ், 4 மோலி விட்டோம். 10 நாள் நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் ஒண்ணு ஒண்ணா சாக ஆரம்பிச்சிடுச்சு. எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. முழுத் தண்ணியையும் மாத்தி, ஃபில்டர் பஞ்ச குழாத் தண்ணியில நல்லா கசக்கிக் கழுவி, நீல மருந்தும் ஊத்திட்டோம், அப்பவும் நிக்கல. இப்ப 3 கோல்ட்ஃபிஷ், 2 மோலிதான் மிச்சம், ஒரு மோலி மேல வெள்ளப் புள்ளி வேற தெரியுது. தண்ணி சுத்தமாத்தான் இருக்கு. பொண்ணு அழுதுட்டே இருக்கா. எந்த மருந்து ஊத்தலாம்?

பதில்: முதல்ல ஒண்ணு, இப்போதைக்கு எந்த மருந்தும் ஊத்தாதீங்க. நீங்க எழுதுனத வச்சுப் பாத்தா முக்கியமான நோய் மீனுக்கு இல்ல, தண்ணிக்கு. அந்த வெள்ளப் புள்ளி பின்னாடி வந்து ஒட்டிக்கிட்டது, அதுக்கும் வழி இருக்கு, வரேன்.

புதுத் தொட்டியில என்ன நடக்குதுன்னா, மீன் செவுள் வழியா அமோனியாவ விட்டுட்டே இருக்கும், கழிவும் மிச்சத் தீனியும் அழுகி அதுவும் அமோனியா ஆகும். இத ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்தும். அமோனியா, நைட்ரைட் ரெண்டுமே மீனுக்கு விஷம், நைட்ரேட்ட மீன் ஓரளவுக்குத் தாங்கும். இந்த பாக்டீரியா ஃபில்டர் பஞ்சுலயும் கல்லு மண்ணுலயும் ஒட்டி வளந்து முழு வேலைக்கு வர பொதுவா 4 லிருந்து 6 வாரம் ஆகும். நீங்க முதல் நாளே 9 மீன விட்டீங்க, 10 நாள்ல அமோனியா ஏறியிருக்கும், அதுக்குள்ள கொஞ்சம் பாக்டீரியா வந்திருந்தாலும் குழாத் தண்ணி குளோரின் பட்டு அது போயிருக்கும், மிச்சம் மீதிய நீல மருந்து கொன்னிருக்கும், ஏன்னா மெத்திலீன் ப்ளூ இந்த நல்ல பாக்டீரியாவையும் விட்டு வைக்காது. அக்கறையா செஞ்சதுதான் எல்லாமே, ஆனா ஒவ்வொரு தடவையும் தொட்டி முதல் நாளுக்கே திரும்பிப் போயிடுச்சு. அமோனியாவுக்கும் நைட்ரைட்டுக்கும் கலர் கிடையாது, அதனால தண்ணி தெளிவா இருக்குங்கறத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

டார்ச் எடுத்து ஒரு கோல்ட்ஃபிஷ் செவுள் மூடி தொறக்கும்போது உள்ள பாருங்க. ஆரோக்கியமான செவுள் நல்ல ரத்தச் சிவப்பா இருக்கும். வீங்கி, எரிஞ்ச மாதிரி கருஞ்சிவப்பா இருந்தா அமோனியா மேல சந்தேகப்படலாம், சாக்லேட் மாதிரி பழுப்பா இருந்தா நைட்ரைட் ரத்தத்துல கலந்து ஆக்சிஜன எடுத்துட்டுப் போக விடாம பண்ணுதுன்னு அர்த்தம், அப்பதான் ஏர் பம்ப் ஓடிட்டே இருந்தாலும் மீன் மேல வந்து தவிக்கும். சரியாத் தெரியணும்னா தண்ணியத்தான் டெஸ்ட் பண்ணணும். சொட்டு விட்டுப் பாக்கற டெஸ்ட் கிட் ஒண்ணு கட்டாயம் வாங்குங்க, இன்னொரு மருந்து பாட்டிலுக்குப் போடற காச இதுல போடுங்கன்னுதான் சொல்லுவேன். அமோனியாவும் நைட்ரைட்டும் 0 இருக்கணும், நைட்ரேட் 40 பிபிஎம் (அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டக் கூடாது, 20 க்குள்ள இருந்தா நல்லது. பிஹெச்சும், அதாவது தண்ணியோட அமில-காரத் தன்மையும் பாத்து வைங்க, அது கூடக் கூட அதே அளவு அமோனியா பல மடங்கு கொடுமையா வேலை செய்யும், 7 ல தாங்கற அளவு 8 ல கொன்னுடும்.

கிட் வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இன்னைக்கே பாதித் தண்ணிய மாத்துங்க. பாதிதான், முழுசும் இல்ல. புதுத் தண்ணியில குளோரின் எடுக்கற சொட்டு மருந்து கலந்து, சூடு ரெண்டும் ஒண்ணா இருக்கான்னு கை வச்சுப் பாத்து மெதுவா ஊத்துங்க. ஒரு நாள் வாளியில வச்சா குளோரின் போயிடும்ங்கறது உண்மைதான், ஆனா குளோரினோட அமோனியா சேந்த குளோரமின் போட்ட தண்ணின்னா அது அப்படிப் போகாது, அதனால சொட்டு மருந்துதான் பத்திரம். நாளைலேர்ந்து தினமும் டெஸ்ட் பண்ணி, அமோனியாவோ நைட்ரைட்டோ 0.5 பிபிஎம் தொட்டா 30-40 சதவீதம் திரும்ப மாத்தணும், வேற வழியில்ல, பாக்டீரியா வர வரைக்கும் அது செய்ய வேண்டிய வேலைய நம்மதான் செஞ்சாகணும். ஃபில்டர நிறுத்தவே கூடாது, பஞ்சு ரொம்ப அடைச்சிருந்தா தொட்டியிலேர்ந்து எடுத்த பழைய தண்ணியிலயே லேசா அலசுங்க. ஏர் ஸ்டோன் ராத்திரி பகல் ஓடட்டும். தீனி ரெண்டு நாள் சுத்தமா நிறுத்திடுங்க, பட்டினியால அதுங்க சாகாது, அப்புறம் ஒரு வேளை, ஒரு நிமிஷத்துல தின்னு தீக்கற அளவு மட்டும். செத்தத உடனே எடுத்துடணும், அதுவே பெரிய அமோனியா மூட்டை.

உப்பு உங்க தொட்டிக்கு நல்ல துணை, மோலியும் கோல்ட்ஃபிஷும் உப்பத் தாங்கும். வேற எதுவும் சேக்காத வெறும் உப்பா இருக்கணும். அளவுக்கு கணக்கு போட்டுக்கோங்க, 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம்னா மொத்தம் 56 லிட்டர், ஆனா கல்லு மண்ணு போக, விளிம்பு வரைக்கும் நிரப்பாம விட்டது போக உள்ள நிக்கறது 45 லிட்டர்தான் வரும், மருந்தோ உப்போ இந்த 45 க்குத்தான் போடணும். லிட்டருக்கு 1 கிராம்னு 45 கிராம் உப்ப ஒரு மக்குத் தண்ணியில கரைச்சு கொஞ்சம் கொஞ்சமா இன்னைக்கு விடுங்க, நாளைக்கு இன்னொரு 45. இதுல இருக்கற குளோரைடு செவுள்ல நைட்ரைட் நுழையறத தடுக்கும். உப்பு ஆவியாகாது, அதனால 20 லிட்டர் மாத்துனா அந்த 20 லிட்டருக்கு மட்டும் 40 கிராம் திரும்பப் போடணும், ஆவியான தண்ணிக்கு ஈடா ஊத்தும்போது போடவே கூடாது. செடி நிறைய இருந்தாலோ, காரிடோரஸ், லோச் மாதிரி மீன் இருந்தாலோ இந்த அளவு ஒத்துக்காது.

இப்ப புள்ளி. ரவை ஒட்டுன மாதிரி தனித்தனியா இருந்து, மீன் போய் கல்லுல ஒடம்ப ஒரசிக்குதுன்னா அது ஒயிட் ஸ்பாட், ஒரு ஒட்டுண்ணி. தோலுக்கு அடியில இருக்கும்போது எந்த மருந்தும் அதத் தொடாது, கீழ விழுந்து பெருகி குஞ்சுங்க தண்ணியில நீந்தும்போதுதான் சாகும். அதனால புள்ளி மறைஞ்சதும் நிறுத்துனா திரும்ப வரும், 2 வாரம் உப்பு இருக்கட்டும். ஹீட்டர் இருந்தா ஒரு நாளைக்கு 1 டிகிரின்னு மெல்ல ஏத்தி 27-28 ல நிறுத்துங்க, ஒட்டுண்ணியோட சுழற்சி வேகமா முடியும், ஆனா சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, ஏர் ஸ்டோன் இல்லாம ஏத்தாதீங்க. ஒரு வாரத்துலயும் புள்ளி கூடிட்டே போனா, தண்ணி ரீடிங் சரியா இருந்தா மட்டும், மலக்கைட் கிரீன் கலந்த ஒயிட் ஸ்பாட் மருந்து போடலாம், அப்ப ஃபில்டர்ல இருக்கற கார்பன எடுத்துடணும், இல்லன்னா மருந்த அது உறிஞ்சிடும். இப்போதைக்கு உள்ள கிடக்கற நீலத்த எடுக்க அதே கார்பன் உதவும்.

புள்ளி இல்லாம வாயோரமும் முதுகுலயும் பஞ்சு மாதிரி வெள்ளையா படர்ந்தா சூட்ட ஏத்தாதீங்க, பூஞ்சைன்னு நெனப்போம், பெரும்பாலும் அது காலம்னாரிஸ்ங்கற பாக்டீரியா, சூட்டுக்கு அது இன்னும் துள்ளும். செதில் எல்லாம் சிலுத்துக்கிட்டு வயிறு உப்புனா அது டிராப்சி, சிறுநீரகம் கெட்டுப்போனதோட அடையாளம், காப்பாத்தறது ரொம்பக் கஷ்டம்.

அந்த மாதிரி ஒரு மீன் பக்கவாட்டுல சாஞ்சு நாள் கணக்குல இழுத்துட்டு இருந்தா அத அப்படியே விடறது சரியில்ல. உயிரோட ஃப்ரிட்ஜ்ல வைக்கறது, டாய்லெட்ல விடறது ரெண்டுமே கொடுமை. கிராம்பு எண்ணெய லிட்டருக்கு 0.4 மில்லி, வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில நல்லா குலுக்கி, தனிப் பாத்திரத்துல தொட்டித் தண்ணியோட கலந்து மீன விட்டா அது மயங்கி அடங்கிடும், செவுள் அசைவு நின்னப்புறமும் அரை மணி நேரம் அப்படியே வைங்க. இத பொண்ணு முன்னாடி செய்யாதீங்க, ஆனா மறைக்கவும் வேண்டாம். அவள தினமும் டெஸ்ட் கலர் பாத்து நோட்டுல எழுதச் சொல்லுங்க, கலர் இறங்கறத அவளே பாப்பா. கையில வெட்டுக்காயம் இருந்தா தொட்டிக்குள்ள விட வேண்டாம், மீன்கிட்டேர்ந்து மனுஷத் தோலுக்கு வர பாக்டீரியா ஒண்ணு இருக்கு, ஆறவே மாசக்கணக்கா ஆகும்.

செத்த மீனுக்குப் பதிலா புதுசு இப்ப வாங்கவே வாங்காதீங்க. 3 கோல்ட்ஃபிஷே உங்க தொட்டிக்கு அதிகம், ஒவ்வொண்ணும் 15 செ.மீக்கு மேல வளரும், பின்னாடி பெரிய தொட்டி பாத்தே ஆகணும். தண்ணி மாத்தாமலே அமோனியா, நைட்ரைட் ரெண்டும் ஒரு வாரம் தொடர்ந்து 0 காட்டட்டும், அப்புறமும் மோலிக்கு ஜோடி சேக்கணும்னா அத வேற டப்பாவுல 3 வாரம் தனியா வச்சுப் பாத்துட்டு உள்ள விடுங்க. நடுவுல ரீடிங் ஏதும் இறங்காம நின்னா அமோனியா, நைட்ரைட், பிஹெச் மூணையும், எத்தன லிட்டர் மாத்துனீங்கங்கறதையும் சேத்து எழுதுங்க, பாத்து சொல்றேன்.