சனிக்கிழமை வாரியல்

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு 67 வயது. நெல்லைப் பக்கம் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. அப்பா இறந்த பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்விடுகிறார். கூட்டுவது, பாயை உதறுவது, பீடத்து விரிப்பைத் துவைப்பது எல்லாம் அவரும் இன்னும் இரண்டு அம்மாக்களும்தான். முட்டுவலி வேறு. எனக்கு விசுவாசம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. சேகரத் தேர்தலில், அதாவது சபை நிர்வாகத்துக்கான தேர்தலில், நடக்கிற கூத்தைப் பார்த்தாலே வெறுத்துவிடுகிறது. கமிட்டியில் இருக்கும் ஒருவர்கூட வாரியலைத் தொட்டு நான் பார்த்ததில்லை. போன மாதம் மார்த்தாள், மரியாள் கதையைப் பிரசங்கித்த குருவானவர், வேலை வேலை என்று அலையாமல் ஆண்டவரின் பாதத்தில் உட்காருங்கள் என்றாராம். பிரசங்கம் முடிந்ததும் பாயைச் சுருட்டியது அம்மாதான். இது பக்தியா, பழக்கமா, இல்லை சுரண்டலா? நிறுத்தச் சொல்லலாமா?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருந்ததால் நீக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள நண்பருக்கு,

பாய் சுருட்டிய வரியைப் படித்ததும் சிரிப்பு வந்தது. அப்புறம் கொஞ்சம் சங்கடமாகவும் இருந்தது. ஆசீர்வாதம் முடிந்த கையோடு பாயைத் தாண்டிப் போய் செருப்பைத் தேடியவர்களில் நானும் ஒருவன்.

முதலில் மார்த்தாளைப் பார்த்துவிடுவோம். வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தில் மரியாள் உட்கார்ந்து கேட்க, அவள் சகோதரி மார்த்தாள் வேலை பார்த்துச் சலித்து, அவரிடம் கண்டிப்பு வாங்கிய கதை அது. லூக்கா பத்தாம் அதிகாரத்தின் கடைசி ஐந்து வசனங்களோடு பெரும்பாலான பிரசங்கங்கள் அவளை அடுப்படியிலேயே விட்டுவிட்டுப் போய்விடும். யோவான் 11-ஐ எடுத்துப் பாருங்கள். இருவரின் சகோதரன் லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். இயேசு வருகிறார் என்று கேள்விப்பட்டு ஊருக்கு வெளியே எதிர்கொண்டு போனவள் மார்த்தாள்தான். நீரே தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று வாய்விட்டு அறிக்கையிட்டவளும் அவளே. சீடர் பேதுரு செய்த அறிக்கைக்குக் குறைந்த வார்த்தை இல்லை அது. அடுத்த அதிகாரத்தில் பெத்தானியாவில் விருந்து. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள், இந்தத் தடவை அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் குருவானவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அம்மாவிடம் இந்த இரண்டு அதிகாரங்களையும் வாசித்துக் காட்டுங்கள், போதும்.

பக்தியா பழக்கமா என்று கேட்கிறீர்கள். எனக்கு ஆச்சியின் கலயம் ஞாபகம் வருகிறது. உலை வைத்துவிட்டு, அளந்த அரிசியைக் களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு பிடி எடுத்து அடுப்பங்கரை மூலையில் இருந்த மண்கலயத்தில் போடுவாள். கண்ணை மூடுவது, முணுமுணுப்பது எதுவும் கிடையாது. யாரையாவது ஏசிக்கொண்டேகூடப் போடுவாள். ஒருநாள் மறந்துபோய் முழு அரிசியையும் களைந்து உலையில் போட்டுவிட்டாள். அடுத்த வேளைக்கு அளந்தபோது இரண்டு பிடி போட்டாள். பரவசமெல்லாம் ஒன்றுமில்லை, பலசரக்குக் கடைப் பாக்கியைக் கொடுத்து முடித்தவளின் முகம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி கோயிலில் ஓலைப்பெட்டிக்குப் போகும். ஒரு வீட்டுப் புழுங்கல், ஒரு வீட்டுப் பச்சரிசி, பாதிக்கு மேல் ரேஷன். ஆராதனை முடிந்து வாசலில் ஏலம் விடுவார்கள். அந்தக் கலப்பு அரிசி சோற்றுக்கு ஆகாது, ஒன்று குழைந்தால் இன்னொன்று விறைத்து நிற்கும். இட்லிக்கு ஆட்டத்தான் வாங்குவார்கள். எங்கள் வீட்டு அரிசி இன்னொரு வீட்டு இட்லிக்குள் போய்விட்டதே என்று சின்ன வயதில் எனக்கு ஒரு வருத்தம்கூட இருந்தது.

இந்தக் கைப்பிடி அரிசியைப் பெரிய விஷயமாக நான் நினைக்கக் காரணம் உண்டு. 1876 முதல் 78 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதை ஒட்டியும் நெல்லைச் சீமையில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். கஞ்சிக்கு வந்தவர்கள், அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் ஆச்சியின் தாத்தா அப்படி வந்தவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள். பஞ்சம் முடிந்து கால் நூற்றாண்டு. 1903-ல் அதே திருநெல்வேலிச் சபையார் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, தங்கள் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அந்தச் சங்கத்தின் வேலையாகத் தோர்ணக்கல்லுக்குப் போய், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரும் ஆனார். வாங்கித் தின்றவன் என்று பெயர் எடுத்தவன் கொடுக்கிறவன் ஆவது லேசான காரியமில்லை. அதற்குக் கையில் பணம் இருந்தால் மட்டும் போதாது, தினமும் கையைப் பழக்க வேண்டும். ஆச்சிக்கு அந்தப் பழக்கத்துக்கு அப்பால் பக்தி என்று தனியாக ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மிசோரத்திலும் பெண்கள் இதேபோல் பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள், நூறு வருஷத்துக்கும் மேலாக. யார் யாரிடம் கற்றது என்கிற ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படவில்லை, அடுப்பு இருக்கும் இடத்தில் தானாகவே முளைக்கக்கூடிய யோசனை அது.

சுரண்டலா என்ற கேள்வியை மட்டும் என்னால் அவ்வளவு எளிதாகத் தாண்டிப்போக முடியவில்லை. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947-ல். அதன் முதல் பெண் பேராயராக புஷ்பலலிதா நந்தியாலில் அபிஷேகம் பெற்றது 2013-ல். இடையில் 66 வருஷம். அந்த 66 வருஷமும் கோயில்களைக் கூட்டியது யார் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? என் சொந்தச் சபையிலும் தேர்தல் வந்தால் இரண்டு அணி உண்டு. அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம், நோட்டீஸ், வழக்கு எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் கீத பவனியே இரண்டாகப் போனது. சாதி பார்த்துக் கல்லறையைப் பிரித்த சபைகளும் இந்த நாட்டில் இருக்கின்றன. நீங்கள் வெறுத்துப்போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் அந்தக் கோபத்தை அம்மாவின் வாரியல்மேல் காட்டுவானேன்? கமிட்டிக்காரர் ஒழுங்காக இல்லை என்பதற்காக அவர் கோயிலைக் குப்பையாகப் போட்டுவிட்டு வர வேண்டுமா? கேட்க வேண்டியதைக் கமிட்டியிடம் கேளுங்கள். கோயிலைக் கூட்டுகிற மூன்று பேரில் ஒருவருக்குக் கமிட்டியில் இடம் கொடுத்தால் என்ன என்று எழுதிப் போடுங்கள். பதில் வராது, தெரியும். இரண்டாவது கடிதமும் போடுங்கள்.

முட்டுவலிக்கு வழி இருக்கிறது. குனிந்து பெருக்குகிற வாரியலுக்குப் பதில் நீளக் கம்பு வைத்த துடைப்பம் ஒன்றும், நின்றபடியே துடைக்கிற மாப் ஒன்றும் வாங்கிக் கோயிலிலேயே வைத்துவிடுங்கள். நிறுத்தச் சொல்லாதீர்கள். அப்பா போன பிறகுதான் இந்தச் சனிக்கிழமை வழக்கம் தொடங்கியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒருமுறை கூடப் போய்ப் பாருங்கள். அந்த மூன்று அம்மாக்களும் கூட்டுவதைவிடப் பேசுவதுதான் அதிகமாக இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

இன்னொன்று. உங்கள் ஊரில் அசனப் பண்டிகை, அதான் கோயில் விருந்து, என்றைக்கு? அதற்கு லீவு போடுங்கள். விசுவாசம் இருக்கிறதா என்று அங்கே யாரும் கேட்கப் போவதில்லை. முந்தின ராத்திரி வெங்காயம் உரிப்பதிலிருந்து வேலை இருக்கும். வடித்த சோற்றைப் பாயில் குன்றாகக் குவித்து, ஓலைப்பெட்டியில் அள்ளி அள்ளிப் பந்திக்குக் கொண்டுபோவார்கள். கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்று பார்க்காமல் ஊரே வந்து உட்காரும். பரிமாறுவதில் மட்டும் பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். பதினான்கு வயதில் எனக்கு இலை போடும் வேலை கிடைத்தது. அப்புறம் உப்பு, அப்புறம் தண்ணீர், அப்புறம் சோற்றுப்பெட்டி. கறி வாளியைத் தொட இருபத்தாறு வயதாக வேண்டியிருந்தது. முதல் பந்தியிலேயே ஒரு பெரியவரின் வேட்டியில் கொட்டி, மறு வருஷம் மறுபடி தண்ணீருக்கே போனேன்.

நீங்கள் வெளியூரில் வேலை பார்ப்பவராக இருப்பீர்கள், முகம் பழகியிருக்காது. உங்களுக்கு முதல் வருஷம் இலைக்கட்டுதான் தருவார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்.