கணு வளைந்திருந்தால் வேற்றுக்கிரக வேலையா?

கேள்வி: ஜூலையில் இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பக்கம் போகிறோம். அங்குள்ள பயிர் வட்டங்களில் (வயலில் பயிர் படுத்து உருவாகும் பெரிய கோலங்கள்) கோதுமைத் தாள் ஒடியாமல் கணுவில் மட்டும் வளைந்திருக்குமாம்; மனிதரால் அது முடியாதாம். உண்மையான வட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: கணுவை வளைப்பது மனிதரும் அல்ல, வேற்றுக்கிரகவாசியும் அல்ல, பயிர்தான். பச்சைத் தாளைப் பலகையால் அழுத்தினால் ஒடியாமல் படுத்துவிடும். படுத்த தாளின் கணுவில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கி அடிப்பக்கமாகச் சேர்கிறது. அந்தப் பக்கம் மட்டும் நீள, தாள் முழங்காலை மடக்கியதுபோல வளைந்து கதிரை மேலே தூக்குகிறது. மழைக்காற்றில் சாய்ந்த நெல் தலை தூக்குவதும் இப்படித்தான். முற்றிக் காய்ந்த பயிருக்கு இந்தத் தெம்பு கிடையாது, கிடந்தபடியே கிடக்கும். ஆகவே வளைந்த கணுவை வைத்துப் பயிரின் பருவத்தைச் சொல்லலாம். படுக்க வைத்தது யார் என்று சொல்ல முடியாது.

1991-இல் டக் பௌவர், டேவ் சோர்லி என்ற சவுத்தாம்ப்டன்காரர்கள் இருவர், 1970-களிலிருந்து பயிர் வட்டங்களைப் போட்டுவந்தது தாங்கள்தான் என்று பத்திரிகையில் ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் வயது அறுபதுக்கு மேல்! கருவிகள் பலகை, கயிறு, நேர்கோடு பார்க்கத் தொப்பியில் மாட்டிய கம்பி வளையம். பத்திரிகைக்காக அவர்கள் போட்டுக்காட்டிய வட்டத்தையே, பயிர் வட்ட ஆய்வில் பேர்பெற்றிருந்த பாட் டெல்காடோ அசல் என்று சொல்லிவிட்டார். பார்த்தே கண்டுபிடிக்கலாம் என்ற வாதம் என்னைப் பொறுத்தவரை அன்றே முடிந்தது. 2001-இல் வில்ட்ஷயரின் மில்க் ஹில் குன்றில் 409 வட்டங்களோடு தோன்றிய கோலத்தைப் பார்த்தால் நானும் வாய்பிளப்பேன்தான். ஆனால் அந்த வியப்பு வரைந்தவர்களின் கணக்குத் திறமைக்கு.

போனால் இரண்டைக் கவனியுங்கள். மருந்தடிக்கும் டிராக்டரின் சக்கரத் தடம் வட்டத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். பயிரை மிதிக்காமல் உள்ளே போக அதுதான் வழி. படுத்திருக்கும் தாளை மெல்ல விலக்கினால், அடியில் வேறு திசையில் சாய்ந்த ஒல்லியான வரி தென்படலாம். கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல முதலில் போட்ட அளவுக்கோடு அது.

வயல் தனியார் சொத்து. விவசாயியிடம் கேட்காமல் இறங்காதீர்கள். உண்டியல் வைத்திருந்தால் காசு போடுங்கள். அவருக்கு இது விளைச்சல் நஷ்டம். அனுமதி கிடைக்காவிட்டால் பக்கத்துக் குன்றின் மேல் ஏறிப் பாருங்கள். முழு வடிவமும் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.