பென்சிலில் எழுதிய 96 – கடிதம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பழைய மேட்ச் டிக்கெட்டுகளும் அணிப் படங்களும் சேர்ப்பவர் என்பது உங்கள் கட்டுரைகளைப் படித்ததில் தெரியும். என் அப்பா போன வருடம் தவறிவிட்டார். அவருடைய பீரோவை ஒழித்தபோது கையெழுத்துகள் உள்ள ஒரு கிரிக்கெட் பேட்டும், 1987 மார்ச்சில் சின்னசாமி ஸ்டேடியத்தில் நடந்த இந்தியா - பாகிஸ்தான் டெஸ்டின் டிக்கெட்டும் கிடைத்தன. டிக்கெட்டின் பின்பக்கம் அப்பா பென்சிலில் ‘96’ என்று எழுதியிருக்கிறார்.

பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்தார். பேட்டுக்கு நல்ல விலை சொல்கிறார். டிக்கெட்டில் கிறுக்கல் இருப்பதால் விலை குறையுமாம். அதை அழித்து லாமினேட் செய்துவிட்டால் அதையும் எடுத்துக்கொள்வாராம். தங்கை கல்யாணம் நெருங்குகிறது, பணம் தேவைப்படுகிறது. எதை விற்கலாம்? உங்களிடம் இருப்பதில் எதை யார் கேட்டாலும் தர மாட்டீர்கள்?

எஸ்.,
அல்சூர், பெங்களூரு

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமான விஷயம். டிக்கெட்டை லாமினேட் செய்யாதீர்கள். சூட்டில் உருகும் பசை காகிதத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு மனம் மாறினாலும் கிழியாமல் பிரிக்க முடியாது. அமிலம் இல்லாத காகித உறை ஒன்றில் போட்டு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். பென்சில் எழுத்தின் மேல் யாரும் ரப்பரை வைக்க விடாதீர்கள்.

பேட்டை ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கையெழுத்துகளை அச்சடித்தே விற்ற பேட்டுகள் நிறைய உண்டு. அச்சு என்றால் கோடு சின்னச் சின்னப் புள்ளிகளாக உடைந்து தெரியும், மை எல்லா இடத்திலும் ஒரே அடர்த்தியில் இருக்கும். கையால் போட்டதென்றால் பேனா தொடங்கிய இடத்திலும் திரும்பிய இடத்திலும் மை கொஞ்சம் தேங்கியிருக்கும். அசல் என்று தெரிந்தால் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுவிட்டு விற்றுவிடுங்கள். தங்கை கல்யாணத்துக்குப் பயன்பட்டால் உங்கள் அப்பாவுக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்த 96-க்கு வருகிறேன். அது கவாஸ்கர் ஆடிய கடைசி டெஸ்ட். பந்து கண்டபடி திரும்பிய ஆடுகளம். முதல் நாள் மணிந்தர் சிங் 27 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து பாகிஸ்தானை 116-இல் சுருட்டினார். கடைசியில் நமக்கு 221 தேவைப்பட்டது. கவாஸ்கர் 264 பந்துகள் நின்றார். இக்பால் காசிம் போட்ட பந்து ஒன்று எகிறி ஸ்லிப்பில் கேட்ச் ஆனபோது அவர் 96. நாம் 16 ரன்னில் தோற்றோம், தொடரும் போயிற்று. இத்தனையும் நடந்த ஆட்டத்திலிருந்து உங்கள் அப்பா எழுதி வைத்தது ஒரே ஓர் எண். தோல்வியையும் எழுதவில்லை, அந்தப் பதினாறையும் எழுதவில்லை. வியாபாரிக்குக் கிறுக்கலாகத் தெரிவது, அன்று கேலரியில் உட்கார்ந்திருந்தவரின் மனசு. அந்த டெஸ்டின் டிக்கெட் வேறு யாரிடமாவது இருக்கலாம், இந்த 96 உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

சரி, என் விஷயம். நான் தரவே மாட்டேன் என்பது ஒரு ஜோடி பூட்ஸ். தாத்தாவுடையது.

நீங்கள் அல்சூர் என்பதால் கௌதமபுரத்தில் பெலே சிலையைப் பார்த்திருப்பீர்கள். அல்சூர், ஆஸ்டின் டவுன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கால்பந்து எவ்வளவு ஊறிப்போனது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் நம் பக்கத்து ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன், நம்ம பெங்களூர்க்காரர். அந்த அணியில் பெரும்பாலானவர்கள் வெறுங்காலோடுதான் ஆடினார்கள். 1952-இல் ஹெல்சிங்கியில் குளிர். யூகோஸ்லாவியா 10-1 என்று அடித்தது. அந்த ஒன்றை அடித்த அகமது கானும் இந்த ஊர்தான். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயம் என்று கால்பந்து சம்மேளனம் சொல்லிவிட்டது.

தாத்தா அப்போது ஒரு தொழிற்சாலை அணியில் விங்கில் ஆடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சிவாஜிநகரில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் அளவு கொடுத்துச் செய்துகொண்டார். கணுக்கால் வரை ஏறும் கனத்த தோல். மூக்கு கல் மாதிரி இருக்கும். அடியில் தோல் வட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணியடித்த குமிழ்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ஆணி. வலது பூட்ஸில் குமிழ்கள் பாதிக்கு மேல் தேய்ந்திருக்கின்றன, இடதில் அவ்வளவு இல்லை. காரணம் பாட்டி சொல்லித்தான் தெரியும். இரண்டு காலிலும் போட்டால் பந்தே காலில் தங்கவில்லை என்று, இரண்டு மாதம் வலது காலில் மட்டும் மாட்டிக்கொண்டு பயிற்சிக்குப் போனாராம். இடது கால் வெறுங்கால்.

மூக்குப் பக்கம் கொஞ்சம் பெரிதாக இருந்ததால் தமிழ்ப் பேப்பரைக் கசக்கித் திணித்திருந்தார். பல வருடம் கழித்து நான்தான் அதை வெளியே எடுத்தேன். பழுப்பேறி விரலில் பொடியாக ஒட்டியது. ஒரு மூலையில் 1954 என்ற வருடம் மட்டும் படிக்க முடிகிறது. பேப்பரின் அமிலம் தோலுக்கு ஆகாது என்பதால் தனி உறையில் வைத்திருக்கிறேன். பூட்ஸுக்குள் வெளுத்த பருத்தித் துணி. பிளாஸ்டிக் பையில் மூடி வைப்பதில்லை, நம் ஊர் மழைக்காலத்தில் இரண்டே வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும்.

ஒருமுறை ஒருவர் விலைக்குக் கேட்டார். எந்த மேட்சில் போட்டது, போட்டோ இருக்கிறதா, பத்திரிகையில் பேர் வந்திருக்கிறதா என்று விசாரித்தார். எதுவும் இல்லை. தாத்தா மைசூர் மாநில அணிக்கு ஆடியதில்லை. அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவர் ஆடினார் என்பதற்கு இந்தத் தேய்ந்த குமிழ்களும் பாட்டி சொன்ன கதையும்தான் சாட்சி. என் கையை விட்டுப் போனால் அது பழைய செருப்பு. அதனால்தான் தர மாட்டேன்.

2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று கர்நாடகா, மாநில அணிகள் மோதும் கால்பந்துப் போட்டியான சந்தோஷ் டிராபியை எடுத்ததே, நினைவிருக்கிறதா? மைசூர் என்ற பழைய பெயரில் நம் மாநிலம் கடைசியாக வென்று 54 வருடம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி பூட்ஸை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தாத்தா இருந்திருந்தால் தெருவுக்கே இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பார்.

பாட்டி சொன்னதை நான் எழுதி வைத்தது மிகவும் தாமதமாக. அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கிவிட்டது, பல ஆட்டங்களின் பெயர்கூடத் தெரியாமல் போயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்கு இருக்கிறது.

உங்கள் அம்மா இருக்கிறார் என்றால் இந்த வாரமே கேளுங்கள். அன்று சாயங்காலம் அப்பா ஸ்டேடியத்திலிருந்து எத்தனை மணிக்கு வந்தார், யாரோடு போயிருந்தார், வந்ததும் என்ன சொன்னார், சாப்பிட்டாரா. சொன்னதைச் சொன்னபடியே ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, டிக்கெட் இருக்கும் அலமாரியிலேயே வையுங்கள்.