சிறிய அரங்கில் நடக்கும் இண்டி ராக் கச்சேரியைப் பார்த்தவர்கள் ஏன் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள்? யார் சொல்வதை நம்புவது?

இண்டி ராக் என்றால் பெரிய இசை நிறுவனங்களை நம்பாமல் தாங்களே இயங்கும் குழுக்களின் ராக் இசை. ஒரே இரவு, ஒரே அறை, ஒரே குழு. ஆனால் ஒருவர் "குரலே கேட்கவில்லை, பணம் வீண்" என்கிறார், இன்னொருவர் "இப்படி ஒரு கச்சேரி இனி அமையாது" என்கிறார், இதில் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு பேரையும் நம்புங்கள். இரண்டு பேரும் கேட்டதைத்தான் சொல்கிறார்கள். போன மாதம் நான் போய் வந்த ஒரு கச்சேரியை வைத்தே இதை விளக்குகிறேன்.

150 பேர் நின்றால் கை அசைக்க இடமில்லாத அறை அது. மேடை முழங்கால் உயரம்தான். குழுவில் நான்கு பேர்: பாடிக்கொண்டே கிதார் வாசிக்கும் பெண், இரண்டாவது கிதார்க்காரர், பாஸ் எனும் தாழ்ந்த ஒலி தரும் கிதார் வாசிப்பவர், டிரம்ஸ் வாசிப்பவர். நான் சீக்கிரமே போய் முன்வரிசையில் இடது பக்கம் நின்றுகொண்டேன். இரண்டாவது கிதாரின் ஆம்ப், அதாவது அதன் ஒலியைப் பெருக்கும் பெட்டி, என்னிடமிருந்து நான்கடி தூரத்தில் இருந்தது.

முதல் பாட்டு தொடங்கியதும் எனக்குக் கேட்டது அந்த கிதார் மட்டும்தான். பாடுபவரின் வாய் அசைவது தெரிகிறது, குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவது போல இருக்கிறது. வருத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் கண் வேறொன்றில் போய் நின்றது. கிதார்க்காரரின் விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தது. ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும் அவர் பாஸ் வாசிப்பவரைப் பார்ப்பார், பாஸ்காரர் முகவாயை லேசாகத் தூக்குவார், பாட்டு தொடங்கும். பெரிய மைதானத்தில் திரையில் பார்ப்பவருக்கு இதெல்லாம் கிடைக்காது.

ஐந்தாவது பாட்டின் நடுவில் அவருடைய கிதார் கம்பி ஒன்று அறுந்தது. சின்னக் குழுக்கள் பெரும்பாலும் மாற்று கிதார் வைத்துக்கொள்வதில்லை, இவரிடமும் இல்லை. அப்படியே தரையில் மண்டியிட்டு, அறுந்த கம்பியை உருவி எறிந்துவிட்டு, புதுக் கம்பியைக் கோத்து முறுக்க ஆரம்பித்தார். பாஸ்காரர் அவருடைய கையையே பார்த்தபடி நான்கே நான்கு சுரங்களைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். டிரம்ஸ்காரர் சத்தத்தைக் குறைத்து, தட்டுகளை மட்டும் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடமாவது போயிருக்கும். கம்பி சுருதிக்கு வந்ததும் அவர் தலையசைத்தார், நான்கு பேரும் ஒன்றாகப் பாட்டுக்குள் இறங்கினார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால், பின்னால் மிக்ஸருக்கு, அதாவது ஒலிகளைக் கலந்து சரிசெய்யும் கருவிக்கு, பக்கத்தில் நின்றிருந்த என் நண்பன் ஓடி வந்து, "நடுவுல கிதாரே இல்லாம கொஞ்ச நேரம் போச்சே, என்னமா யோசிச்சு அமைச்சிருக்காங்கடா!" என்றான். கம்பி அறுந்ததை அவன் பார்க்கவே இல்லை. அவன் நின்ற இடத்திலிருந்து தலைகள்தான் தெரியும். ஆனால் பாட்டின் ஒவ்வொரு வரியும் அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. எனக்கு ஒரு வரி கூடக் கேட்கவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. சிறிய அறையில் டிரம்ஸுக்கு மைக்கே தேவைப்படாது, அதன் சத்தம் நேராகவே காதுக்கு வந்துவிடும். கிதார் ஆம்பும் அப்படித்தான். குரல் மட்டும்தான் பெரிய ஸ்பீக்கர்களை நம்பி இருக்கிறது. அந்த ஸ்பீக்கர்கள் மேடையின் இரு பக்கமும் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். மேடையை ஒட்டி நிற்பவர்கள் அவற்றின் வீச்சுக்குள் வருவதே இல்லை. கிதார் ஆம்பின் கூரான சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும், இரண்டடி தள்ளி நின்றாலே மங்கிவிடும். பாஸ் இதற்கு நேர் எதிர். அதன் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வரும் சுரம் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ், அதன் ஒரு அலையின் நீளமே 8 மீட்டருக்கு மேல். சில அறைகளின் அகலத்தை விட அது பெரிது. அதனால் சுவரோரமும் மூலையிலும் அது குவிந்து நெஞ்சை அதிர வைக்கும். அறையின் நடுவே சில சுரங்கள் காணாமலே போகும்.

இன்னொன்று, கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சரிபார்க்கும் சவுண்ட் செக் நடக்கும்போது அறை காலி. ஆட்கள் நிரம்பியதும் உடம்பும் துணியும் மேல் சுரங்களை உறிஞ்சிக்கொள்ளும். முதல் இரண்டு பாட்டும் மிக்ஸரில் இருப்பவர் அதைச் சரிசெய்யும் நேரம்தான். அதை வைத்து ஒரு குழுவை மதிப்பிடுவது நியாயமே இல்லை என்பேன்.

வாசலில் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "அப்போ அவங்க மைக்கை விட்டு விலகி வந்து பாடினாங்களே, அது உங்களுக்குக் கேக்கலையா?" என்றார். எங்கள் இருவருக்கும் புரியவில்லை. கிதார்க்காரர் கம்பி மாற்றிய அந்த நேரத்தில், பாடகி மேடையின் வலது ஓரத்துக்கு வந்து, மைக் இல்லாமல், முன்னால் நின்ற பத்துப் பன்னிரண்டு பேருக்கு மட்டும் ஒரு மெட்டை முனகியபடி பாடியிருக்கிறார். நான் இடது பக்கம் தரையில் கிடந்த கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நண்பனுக்குக் குரல் எட்டியிருக்க வாய்ப்பே இல்லை. அந்தப் பெண்ணுக்கு அதுதான் அன்றைய கச்சேரி. சொல்லும்போதே அவர் கண் கலங்கியது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்த்தது கச்சேரியில் ஒரு துண்டு. மீதி மற்றவர்களிடம் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரே கச்சேரி ஆளுக்கொரு விதமாகப் போய்ச் சேரும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1976 ஜூன் 4 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டரில், லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால் என்ற அரங்கில், செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழு வாசித்தது. வந்தவர்கள் ஏறத்தாழ 40 பேர் என்பார்கள். பின்னாளில் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டவர்களோ நூற்றுக்கணக்கில். உண்மையாகவே இருந்தவர்களில் பீட்டர் ஹுக் மறுநாளே ஒரு பாஸ் கிதார் வாங்கிவிட்டார். அவரும் பெர்னார்ட் சம்னரும் தொடங்கிய குழுதான் ஜாய் டிவிஷன் ஆனது. அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த ஹோவர்ட் டிவோட்டோவும் பீட் ஷெல்லியும் தங்கள் பஸ்காக்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டை, பெரிய நிறுவனம் எதையும் நாடாமல், கடன் வாங்கிய பணத்தில் 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்டார்கள். இண்டி என்ற சொல்லுக்குப் பின்னால் இருக்கும் துணிச்சல் இதுதான். அன்றைய வாசிப்பு அப்படியொன்றும் பிரமாதமில்லை என்று அங்கே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். அதனால் என்ன? இத்தனை பேர் வீட்டுக்குப் போய்க் குழு தொடங்கியிருக்கிறார்களே.

ஆகவே யாராவது ஒரு கச்சேரியைப் பற்றிச் சொன்னால், நல்லா இருந்ததா என்று கேட்பதற்கு முன்னால் "எங்கே நின்றீர்கள்?" என்று கேளுங்கள். பாட்டின் வரிகள் முக்கியம் என்றால் மிக்ஸருக்கு முன்னால், நடுவில் நில்லுங்கள், அங்கே கேட்பதை வைத்துத்தான் ஒலியையே அமைக்கிறார்கள். வாசிப்பவர்களின் கைகளைப் பார்க்க வேண்டும் என்றால் முன்னால் போங்கள், குரலை விட்டுக்கொடுக்கத் தயாராக இருங்கள். எங்கே நின்றாலும் காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் தாங்கும் காது, 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது கணக்கு. சிறிய அறையில் டிரம்ஸ் பக்கம் நின்றால் 100 சர்வசாதாரணம். எனக்கு அன்று மறுநாள் மதியம் வரை காதில் ரீங்காரம் இருந்தது. இனி அடைப்பான் இல்லாமல் போக மாட்டேன்.

வாசலில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது நான்காவதாக ஒரு பெரியவர் சேர்ந்துகொண்டார். இந்தக் குழுவை அவர் மூன்றாவது முறையாகப் பார்க்கிறாராம். "அந்த அஞ்சாவது பாட்டு எப்பவும் இதுல பாதி நேரம்தாம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம். உடனே அந்தப் பெண் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். மேடைத் தரையில் ஒட்டியிருந்த பாட்டு வரிசை. நான்கு மூலையிலும் டேப், ஒரு ஷூ தடம், கருப்பு மார்க்கரில் கிறுக்கலாகப் பன்னிரண்டு வரிகள். விளக்கு வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, நான்கு பேரும் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனோம். ஆறாவது வரியில் 'புதுசு' என்று மட்டும் இருந்தது. கம்பி மாற்றிய நேரத்தை ஈடுகட்ட அதைத்தான் விட்டிருக்கிறார்கள்.

"அதுக்குத்தாம்மா இன்னைக்கு வந்தேன்" என்றார் பெரியவர். அந்தப் பெண் தாளை அவரிடமே கொடுத்துவிட்டார்.